மெட்டு அன்று, சேர்ப்பு

தருமபுரியில் எலக்ட்ரிக் கிட்டார் கற்றுக்கொள்ளும் என் அக்காள் மகன் சென்ற வாரம் பாடத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். கம்பிகளை வழக்கமான சுரங்களில் அல்லாமல் வேறு சுரங்களில் நிறுத்தும் 'ஆல்டர்னேட் டியூனிங்' என்பதற்கு அதில் 'மாற்று மெட்டமைப்பு' என்று அச்சிட்டிருந்தார்கள். காணொளிகளில் பலமுறை கேட்டுச் சலித்த அதே சொல். "கம்பியை இறக்கினா மெட்டு எப்படி மாமா மாறும்?" என்றான்.

'டியூன்' என்பது 'டோன்' என்பதன் திரிபு. இரண்டுக்கும் வேரான கிரேக்கச் சொல்லுக்கு இழுத்துக் கட்டுதல் என்று பொருள். வேரைப் பற்றி இவ்வளவு போதும்.

மொழிபெயர்த்தவர் 'டியூன்' என்றால் பாட்டின் மெட்டு என்று அகராதியில் முதலில் கண்ட பொருளையே எடுத்துக்கொண்டார் போலும். வீணைக்காரருக்கோ மெட்டு என்பது மெழுகின்மேல் பதித்த 24 உலோகத் துண்டுகளுள் ஒன்று; கிட்டாரில் ஃபிரெட் எனப்படுவதும் அதுவே. எனவே 'மாற்று மெட்டமைப்பு' என்பதைப் படிக்கும் வாத்தியக்காரர் ஃபிரெட்டைப் பெயர்த்து வைப்பதாக நினைப்பார். மற்றவர் வேறு பாட்டு என்று நினைப்பார். பையன் செய்தது இரண்டும் அன்று. ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்னும் சுரங்களில் நின்ற ஆறு கம்பிகளில் தடித்த ஈ கம்பியின் முறுக்காணியைத் தளர்த்தி, நான்காம் கம்பியான டி-யையும் உடன் மீட்டி, இரண்டுக்கும் இடையே இருந்த அலைவு அடங்கி ஒரு ஸ்தாயி கீழே ஒன்றியதும் கையை எடுத்தான். 82 ஹெர்ட்ஸ் 73 ஆயிற்று. இதுதான் 'டிராப் டி'.

'மாற்றுச் சுருதி' என்பவர்கள் பரவாயில்லை. ஆயினும் சுருதி என்றால் பாடுபவருக்கு ஐந்து கட்டையா, நாலரையா என்பதே நினைவுக்கு வரும். ஆறு கம்பிகளையும் ஒருசேர அரைச் சுரம் இறக்கினால் அது சுருதி இறக்கம். டிராப் டி-யிலும், 1960களில் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் பரப்பிய, ஆறு கம்பிகளையும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என நிறுத்தும் முறையிலும் கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள உறவே மாறுகிறது. தனித்தமிழ் அன்பர்கள் 'பண்ணல்' என்பார்கள். சிலப்பதிகாரக் கானல்வரி யாழிசைக்குச் சொல்லும் எட்டு வகையில் அதுவே முதலாவது; மதிப்புக்குரிய சொல். ஆனால் இன்று 'மாற்றுப் பண்ணல்' என்றால் தையற்கடைக்குச் சட்டை கொண்டுபோவதாகவே காதில் விழுகிறது.

தம்புராவை எடுத்தவுடன் 'சுருதி சேர்க்கிறேன்' என்கிறோமே, அந்தச் 'சேர்' எங்கே போயிற்று? 'மாற்றுச் சேர்ப்பு' என்பதே என் முடிவு. கம்பிகளையே மாற்றுவதை இதனோடு குழப்பக் கூடாது. தந்தி கட்டுதல் என்னும் வழக்கு இருக்க, அதை 'மாற்றுக் கட்டு' எனலாம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ், விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி கார்டு ஒலிக்கும் ஓபன் ஜி-யில் ஆறாம் கம்பியைக் கழற்றிவிட்டு ஐந்தோடு வாசிப்பதில் சேர்ப்பும் கட்டும் சேர்ந்தே மாறுகின்றன. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டை இரட்டையான எட்டுக் கம்பிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளுக்கு மாறியதும் கட்டுதான்.

அந்தத் தடித்த ஈ கம்பியைப் பையன் டி-யையும் தாண்டிச் சி வரை இறக்கிப் பார்த்தான். தளர்ந்த கம்பி ஃபிரெட்டில் பட்டுக் கரகரத்தது. சேர்ப்பில் பிழையில்லை, தடித்த கம்பியாகக் கட்ட வேண்டும் என்றேன்.