அடைப்புக்குறிக்குள் ஒரு அரிவாள் மூக்கன்

கம்போடியாவுக்குப் போய்வந்த வாசகர் ஒருவர், அங்கே எடுத்த வெண்தோள் அரிவாள் மூக்கன் படத்தோடு ஒரு கேள்வியும் அனுப்பியிருந்தார். "சூடிபிஸ் டேவிசோனி (ஹியூம், 1875) என்று போட்டிருக்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு அடைப்புக்குறி எதற்கு?"

முதல் சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். அது பள்ளிப் பாடம்தான். சூடிபிஸ் என்றால் கிரேக்கத்தில் 'பொய் ஐபிஸ்'; நம் அரிவாள் மூக்கனைத்தான் ஐபிஸ் என்கிறார்கள். டேவிசோனி என்றால் 'டேவிசனுடைய'. வில்லியம் டேவிசன், ஹியூமுக்காகப் பறவைகளைச் சேகரித்தவர். பர்மாவின் தெனாசெரிமிலும் நம் நீலகிரியிலும் அலைந்தவர், பின்னாளில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் காப்பாளர். ஹியூம்? 1885-இல் காங்கிரஸைத் தொடங்கிய அதே ஹியூம்தான்.

சரி, அடைப்புக்குறிக்கு வருவோம். முதலில் பெயர் வைத்தவர் சேர்த்த பேரினத்திலேயே விலங்கு இன்றும் இருந்தால் அவர் பெயருக்கு அடைப்புக்குறி கிடையாது. பின்னால் வந்தவர்கள் வேறு பேரினத்துக்கு மாற்றியிருந்தால் உண்டு. ஹியூம் வைத்தது ஜெரான்டிகஸ் டேவிசோனி. ஜெரான் என்றால் கிழவர். வழுக்கைத்தலை ஐபிஸ்களின் பேரினம் அது. பிறகு பறவை சூடிபிஸுக்கு வந்தது. பேரினம் மாறினாலும் சிற்றினப் பெயர், வைத்தவர், ஆண்டு மூன்றும் கூடவே வந்துவிடும். 'இந்தப் பறவை வீடு மாறி வந்தது' என்பதை இரண்டே வளைகோடுகள் சொல்லிவிடுகின்றன. இதைவிடச் சிக்கனமான வரலாற்றுக் குறிப்பை நான் பார்த்ததில்லை.

கம்போடியாவின் தேசியப் பறவையான ராட்சத அரிவாள் மூக்கனும் இப்படித்தான். 1877-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஊஸ்தலே 'ஐபிஸ் ஜைகாண்டியா' என்றார். அதே ஆண்டு அமெரிக்க விலங்கியலாளர் எலியட் அதற்கென்றே 'தௌமாட்டிபிஸ்', அதாவது 'அதிசய ஐபிஸ்', என்ற பேரினத்தை உண்டாக்கினார். அங்கேயும் நம் நாட்டிலும் திரியும் இன்னொரு அரிவாள் மூக்கனான பிளெகாடிஸ் ஃபால்சினெல்லஸின் பெயர் எனக்கு இன்னும் பிடிக்கும். முதல் சொல் கிரேக்க அரிவாளிலிருந்து வந்தது, இரண்டாவது லத்தீன் அரிவாளிலிருந்து. அலகைப் பார்த்த நம்மவர்களுக்கும் அரிவாள்தான் தோன்றியிருக்கிறது!

டேவிசோனியைச் சிலர் நம்மூர் வயல்களில் மேயும் கருப்பு அரிவாள் மூக்கனின் துணையினமாகவே வைத்திருந்தார்கள். அதன் பெயர் சூடிபிஸ் பாப்பிலோசா. 'பருக்கள் உடையது' என்று பொருள். அதன் உச்சந்தலையிலிருந்து பின்கழுத்துவரை சிவப்புப் பருக்கள். டேவிசோனிக்கு அவை இல்லை, கழுத்தைச் சுற்றி வெளிர்நீலப் பட்டைதான். இரண்டையும் ஒன்றாகவே எண்ணியிருந்தால், இந்தியாவில் தாராளமாக இருக்கும் பறவையின் கணக்கில், அழிவின் விளிம்பில் நிற்கும் டேவிசோனி மறைந்துபோயிருக்கும். அதனால்தான் பெயர் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதை வீண்செலவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அருங்காட்சியக இழுப்பறைகளில் கிடக்கும் பறவைத் தோல்களை ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும், அவருக்குச் சம்பளமும் வேண்டும். வாசகர் படம் எடுத்த பறவையின் இனத்தில் எஞ்சியிருப்பவற்றில் பெரும்பகுதி வாழ்வது கம்போடியாவில்தான்.