ரத்தம் எங்கே ஊறுகிறது?

கடலூர் முதுநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்தில் மீன் விற்றுவிட்டு வருகிற பெண்களுக்கு ஊசியைவிட டியூபைப் பார்த்தால்தான் பயம். போன வாரம் ஒரு அக்கா கேட்டார்: "இவ்ளோ ரத்தத்த எடுத்துட்டியே தம்பி, இது ஊற எத்தன நாளாகும்?"

நான் எடுத்தது 3 மில்லி. உடம்பில் ஓடுவது 4, 5 லிட்டர். ஊறுவது என்பது நல்ல சொல்தான். ஆனால் அது வயிற்றில் நடப்பதில்லை. இடுப்பு, மார்பு, முதுகெலும்புகளுக்குள் இருக்கும் மஜ்ஜையில் விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன.

ஏன் இத்தனை? மஜ்ஜையைவிட்டு வெளியேறும் முன்பே சிவப்பணு தன் உட்கருவை, அதாவது அணுவுக்கான கட்டளைகள் இருக்கும் நடுப்பகுதியை, தள்ளிவிடுகிறது. அந்த இடமும் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்குத்தான். உட்கரு இல்லாததால் தேய்ந்ததைச் சரிசெய்துகொள்ள வழியில்லை. சுமார் 120 நாளில் ஆயுள் முடிகிறது. அதன் ஹீமோகுளோபினிலுள்ள இரும்பை மட்டும் உடம்பு விடாமல் எடுத்து மறுபடி பயன்படுத்துகிறது.

கூட வந்த மகன் ஒன்பதாவது படிக்கிறான். "மீனுக்கும் இப்படித்தானாண்ணா?" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் காலையில் அப்போதுதான் பிடித்த கெளுத்தியோடு வந்து நின்றான். செவுளிலிருந்து ஒரு சொட்டு எடுத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முட்டை வடிவச் சிவப்பணுக்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலப் புள்ளியாக உட்கரு. கோழிக்கும் தவளைக்கும்கூட அப்படித்தான். பாலூட்டிகள்தான் அதைத் தள்ளிவிடுகின்றன.

அப்புறம், அக்காவிடம் கேட்டுவிட்டு அவருடைய ஸ்லைடை வைத்தேன். உட்கரு இல்லை, சரி. ஆனால் அணுக்கள் சிறுத்து, நடுவில் வெளிறிக் கிடந்தன. ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ஊசி எடுத்த 3 மில்லியைப் பற்றித்தான் அவர் கவலைப்பட்டார். மாதாமாதம் அதிகமாகப் போகும் ரத்தத்தை யாரிடமும் சொன்னதில்லை. அந்த ரத்தத்தோடு இரும்பும் போய்விடுகிறது.

"பீட்ரூட் ஜூஸ் குடிக்கிறேனே" என்றார். பீட்ரூட்டின் சிவப்பு வேறு நிறமி, அதில் இரும்பு கொஞ்சம்தான். அவர் கூடையிலேயே இருக்கும் மீனிலும், ஆட்டு ஈரலிலும் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேரும். முருங்கைக்கீரை என்றால் எலுமிச்சை பிழிந்து சாப்பிடலாம். சாப்பாட்டோடு டீ மட்டும் வேண்டாம், இரும்பைச் சேரவிடாது.

உணவு மட்டும் 8.4ஐ ஏற்றிவிடாது. மருத்துவரைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கொக்கிப்புழு, மூலம்கூடக் காரணமாக இருக்கலாம். இரும்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது உடம்பில் சேராத இரும்பின் நிறம். எண் ஏறிய பிறகும் சில மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் சேமிப்பு நிரம்பும்.

அக்கா மாத்திரை ஆரம்பித்திருக்கிறார். அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும். அன்றைக்குத் தானும் வருவேன் என்று பையன் சொல்லியிருக்கிறான், அம்மாவின் ஸ்லைடைப் பார்க்க.