மணியார்டர்: பணவிடையா, பணவோலையா?

மும்பை தாராவியின் பழைய ஆட்கள் வாயில் இது ‘மணியாடர்’. படிவம் நிரப்பிக் கொடுப்பவருக்கு ‘எம்.ஓ.’ தமிழ்நாட்டு அஞ்சலகத் தமிழில் ‘பணவிடை’. யாழ்ப்பாணத்துக்காரரைக் கேட்டால் ‘காசுக்கட்டளை’ என்பார். நான்கும் ஒன்றுதான். ஆனால் அமெரிக்காவுக்குப் போன மாட்டுங்கா பையன் “இங்கே வீட்டு வாடகையை மணியார்டரில் கேட்கிறார்கள்” என்று சொல்லும்போது, அவன் பேசுவது இந்த நான்கில் எதையும் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் சொல்லின் பின்பாதி. ‘ஆர்டர்’ என்றால் இங்கே உத்தரவு. யார் யாருக்கு இடும் உத்தரவு? பணம் கட்டிய அஞ்சலகம், பணம் கொடுக்க வேண்டிய அஞ்சலகத்துக்கு இடுவது: ‘இன்னாருக்கு இவ்வளவு கொடு.’ மும்பை சயானில் நீங்கள் கட்டிய நோட்டு சயானிலேயே இருக்கும். நாங்குநேரியில் அம்மா கைக்குப் போவது நாங்குநேரி அஞ்சலகத்தின் நோட்டு. நடுவில் ஊர் தாண்டிப் போவது உத்தரவு மட்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். இது வருவதற்கு முன் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் புரியும். ரூபாய் நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதல் தபாலில் அனுப்புவார்கள். அது சேர்ந்துவிட்டது என்று பதில் வந்ததும் மறு பாதியை அனுப்புவார்கள். வழியில் எவனாவது உறையைப் பிரித்தாலும் பாதி நோட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பிரிட்டிஷ் இந்தியாவில் இது சாதாரண வழக்கம். 1880இல் மணியார்டர் வேலை அரசுக் கருவூலங்களிடமிருந்து அஞ்சல் துறைக்கு வந்தது. கத்தரிக்கோலுக்கு வேலை குறைந்தது.

இனி ‘பணவிடை’. பள்ளிக்கூடத்தில் ‘கேள்விக்கு விடை’ என்று படித்தவர்களுக்கு இந்தச் சொல் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பணத்துக்கு என்ன பதில்? ஆனால் ‘விடை’ பிறந்தது ‘விடு’ என்பதிலிருந்து. விடை கொடு, விடை பெறு என்னும்போது அது அனுமதி, போகச் சொல்லுதல். இதே வேலையை ‘உத்தரவு’ம் செய்வதைக் கவனியுங்கள். வடமொழியில் ‘உத்தரம்’ என்றால் பதில். நம்மிடம் ‘உத்தரவு’ கட்டளையும் ஆகும், ‘உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்’ என்று கும்பிட்டுக் கிளம்பும்போது அனுமதியும் ஆகும். பதில், அனுமதி, அனுப்புதல் எல்லாம் நம் மொழியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அதனால் பணவிடை என்பதைப் ‘பண உத்தரவு’ என்று படித்தால் கச்சிதமாக உட்காரும். ‘காசுக்கட்டளை’ இதையே இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. எனக்கு அதுதான் பிடித்தம். ஆனால் தமிழ்நாட்டில் நிலைத்தது பணவிடை. நிலைத்ததை ஏன் கலைக்க வேண்டும்?

மும்பைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தி அகராதியில் ‘தனாதேஷ்’ என்றால் மணியார்டர். தனம், ஆதேசம், அதே பண உத்தரவு. மராட்டியிலோ ‘தனாதேஷ்’ என்றால் காசோலை. வங்கிப் படிவத்தில் மராட்டியில் அப்படி இருந்தால் கேட்பது செக்கை. இரண்டு மொழியும் ஒரே சுவரில் தொங்கும் ஊர் இது, பார்த்து நிரப்புங்கள்.

ஜி.பி.ஓ. என்ற தலைமை அஞ்சலகத்துக்கு எதிரே தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து அடுத்தவருக்காகக் கடிதமும் மணியார்டரும் எழுதிக் கொடுத்தவர்களைப் பழைய மும்பைவாசிகளுக்குத் தெரியும். படிவத்தில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். அடியில் சேதி எழுத ஒரு சின்னக் கட்டம். ‘பணம் கிடைத்ததும் கடுதாசி போடவும், தீபாவளிக்கு வர முடியாது’ என்பதற்கு மேல் அதில் இடமில்லை. வாங்குபவர் போட்ட கையெழுத்தோ, சாட்சியோடு வைத்த கைநாட்டோ, துண்டுச் சீட்டாக அனுப்பியவருக்கே திரும்பி வரும். அந்தச் சீட்டுக்காகத்தான் நூற்றுக்கு ஐந்து ரூபாய் கமிஷன் கொடுத்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை. 2008இல் மின்னணு மணியார்டர் வந்தபின் உத்தரவு கம்பி வழியே போகிறது. தபால்காரர் கையில் கொடுப்பது மாறவில்லை. 2015இல் ‘மணியார்டர் நின்றுவிட்டது’ என்று செய்தி பரவியது. நின்றது பழைய காகித முறைதான்.

மும்பைப் பஞ்சாலைத் தொழிலாளிகள் அனுப்பும் பணத்தில் அடுப்பெரிந்த கொங்கணக் கடற்கரையை ‘மணியார்டர் பொருளாதாரம்’ என்றே அழைத்தார்கள். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் ஆலை வேலைநிறுத்தம் தொடங்கியதும் அந்த ஊர்களில் தபால்காரர் வரவு குறைந்தது. தாராவித் தமிழர்கள் நெல்லைக்கு அனுப்பியதும் இதே வழியில்தான்.

கைப்பேசியில் பணம் பறக்கும் காலத்தில் இதற்கு என்ன வேலை? மும்பையில் ஒரு வேலை இருக்கிறது: வாடகை. மாட்டுங்கா, தாதர், கிர்காவ் பக்கம் பகடிக் கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. (தமிழில் பகடி என்றால் கேலி. இங்கே ‘பக்டி’, குடிவரும்போது மொத்தமாகக் கொடுக்கும் பெருந்தொகை. சொற்பமான மாத வாடகையைக் கேட்டால் தமிழ்ப் பொருளும் பொருந்திவிடும்.) கட்டடம் மறுகட்டுமானத்துக்குப் போகும் என்ற பேச்சு வந்தாலே சில உரிமையாளர்கள் வாடகை வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ரசீது இல்லை, வங்கிக் கணக்கு எண்ணும் தர மாட்டார்கள். சில மாதம் போனபின் ‘இவர் வாடகை பாக்கி’ என்று வழக்கு வரும். 1999ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வாடகை கொடுத்துக்கொண்டோ கொடுக்கத் தயாராகவோ இருக்கும் வாடகைதாரரை வாடகை பாக்கி என்று வெளியேற்ற முடியாது என்கிறது. ‘தயாராக இருந்தேன்’ என்பதை எப்படிக் காட்டுவது? கணக்கு எண்ணோ, அதோடு இணைந்த கைப்பேசி எண்ணோ தெரியாமல் கைப்பேசியில் அனுப்ப வழியில்லை. மணியார்டருக்கோ பெயரும் முகவரியும் போதும். வாங்கிக்கொண்டால் கையெழுத்து. மறுத்தால் ‘வாங்க மறுத்தார்’ என்ற குறிப்போடு பணம் திரும்பி வரும். அந்தக் குறிப்பு, வாங்கிய ரசீதைவிடச் சில சமயம் பலமானது. மாதம் தவறாமல் அனுப்ப வேண்டும், எந்த மாத வாடகை என்று குறித்து வைக்க வேண்டும், திரும்பி வந்ததைக் கசங்காமல் கோப்பில் வைக்க வேண்டும். வழக்கு வந்துவிட்டால் வக்கீல் பாடு.

இன்னொரு இடம் சிறை. உள்ளே இருப்பவரிடம் கைப்பேசி கிடையாது, ஆனால் கேன்டீனில் பிஸ்கட் வாங்கப் பணம் வேண்டும். 2021இல் ஆர்தர் ரோடு சிறையில் இருந்த ஒரு பெரிய நடிகரின் மகனுக்கு வீட்டிலிருந்து 4,500 ரூபாய் மணியார்டர் வந்தது செய்தியானது. அங்கே அப்போது அதுதான் வரம்பு, கோடீஸ்வரருக்கும் அதேதான்.

சரி, மாட்டுங்கா பையனுக்கு வருவோம். அமெரிக்காவில் மணியார்டர் என்பது காசுக்குப் பதிலாகக் கையில் தரும் ஒரு தாள். அஞ்சலகத்திலோ பெட்டிக்கடையிலோ முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி வாங்க வேண்டும். பெயர் எழுதி வீட்டுக்காரரிடம் நேரில் கொடுக்கலாம், உறையில் போட்டும் அனுப்பலாம். அவர் அதை வங்கியில் போட்டுக்கொள்வார். தபால்காரர் பணத்தோடு கதவைத் தட்டுவதில்லை. உள்நாட்டுப் போர் நடந்த 1864இல் அங்கே அஞ்சல் துறை மணியார்டரைத் தொடங்கியது. இன்று அதன் ஒரு தாளுக்கு 1,000 டாலர்தான் உச்சம். பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று என்பதால், செக் மாதிரி ‘கணக்கில் இல்லை’ என்று திரும்பாது. அதனால்தான் புதுக் குடித்தனக்காரரிடம் அதைக் கேட்கிறார்கள். வங்கிக் கணக்கு இல்லாதவருக்கும், கணக்கு எண்ணை முன்பின் தெரியாதவரிடம் காட்ட விரும்பாதவருக்கும் அது வசதி. வாங்கியவுடன் பெயரை எழுதிவிட வேண்டும். வெற்றுத் தாளைத் தொலைத்தால், எடுத்தவர் தன் பெயரை எழுதிக்கொள்வார். அடிக்கட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். விற்ற பொருளின் விலையைவிடக் கூடுதல் தொகைக்கு மணியார்டர் அனுப்பி, ‘மிச்சத்தைத் திருப்பி அனுப்பு’ என்பவனிடம் ஜாக்கிரதை. தாள் போலி என்று வங்கி சொல்வதற்குள் மிச்சம் போயிருக்கும்.

நம் கணக்கில் இது டிமாண்ட் டிராஃப்டுக்குத் தம்பி. செக் காசோலை, டிராஃப்ட் வரைவோலை. கையில் கொடுக்கும் தாள் எல்லாம் தமிழில் ஓலைக் குடும்பம். ஆகவே அமெரிக்க மணியார்டரைப் பணவிடை என்று மொழிபெயர்ப்பவர்கள் தபால்காரரைத் தேவையில்லாமல் கூட்டி வருகிறார்கள். ‘பணவோலை’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. நம்மூர் மணியார்டர் பணவிடையாகவே இருக்கட்டும்.

இந்தக் கணக்கில் இடறுவது ஒன்றுதான்: போஸ்டல் ஆர்டர். அதுவும் கையில் வாங்கும் தாள், ஆனால் தமிழில் ‘அஞ்சல் ஆணை’ என்று நிலைத்துவிட்டது. மத்திய அரசு அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுகிறவர்களுக்கு இது முக்கியம். 10 ரூபாய்க் கட்டணத்தை ரொக்கமாகவோ, வரைவோலையாகவோ, அஞ்சல் ஆணையாகவோ, இணையத்திலோ கட்டலாம் என்கின்றன 2012 விதிகள். அந்தப் பட்டியலில் மணியார்டர் இல்லை. அஞ்சலகக் கவுண்டரில் ‘ஐ.பி.ஓ.’ (இந்தியன் போஸ்டல் ஆர்டர்) என்று கேளுங்கள். கணக்கு அலுவலர் பெயருக்கு நிரப்பி, அதன் எண்ணை மனுவிலும் எழுதிவிட்டு அனுப்புங்கள்.