00:35 என்றால் எந்த இரவு?

14ஆம் திகதி மத்தியானம் செங்கலடியிலிருந்து ஒரு தாய் கோல் எடுத்தார். "மனே, வேன் பின்னேரம் மூணு மணிக்கு வருது. மகன்ட பெட்டி எத்தனை கிலோ இருக்கலாம்?" எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. டிக்கெட்டில் இருந்தது 14ஆம் திகதி, 00:35. தோஹா விமானம் போய்ப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது.

00:35 என்பது 13ஆம் திகதி இரவு நாம் படுத்தபின் வரும் நேரம். அதை வாயால் சொல்லிக் கொடுக்காதது என் பிழை. மட்டக்களப்பில் டிக்கெட் போடுகிற நான் இப்போது நடுச்சாம விமானம் என்றால் பேனையால் எழுதியே கொடுக்கிறேன்: "13 பகல் சோறு தின்றதும் புறப்பாடு."

கொழும்பிலிருந்து தோஹா ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர். பறக்க ஐந்து மணித்தியாலம் அளவில் ஆகும். துபாய் 3,300 கிலோமீற்றர், அரை மணித்தியாலம் குறைவு. ஃபோனில் தேடினால் வருவது இந்தக் கணக்குத்தான். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேனில் போகும் ஆறேழு மணித்தியாலம் அதில் வராது. மின்னேரியா, ஹபரணைப் பக்கம் இரவில் யானை மறித்தால், மார்கழி வெள்ளத்தில் மன்னம்பிட்டியில் தண்ணீர் ஏறினால், அதற்கு மேலும் போகும். உதயதேவி ரயிலில் போகிறவர்கள் கொழும்பு கோட்டையில் இறங்கித் திரும்ப வடக்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல் வரவேண்டும். பெட்டி கொடுக்கும் செக்-இன் கவுண்டரைப் பெரும்பாலும் விமானம் புறப்பட ஒரு மணித்தியாலம் முன்பே மூடிவிடுவார்கள். நாங்கள் எண்ண வேண்டியது அந்த நேரத்திலிருந்து பின்னோக்கித்தான்.

இன்னொரு குழப்பம். டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறுகிற நாட்டு மணி, இறங்கும் நேரம் இறங்குகிற நாட்டு மணி. கட்டார், சவூதி, குவைத் மூன்றும் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், துபாய் ஒன்றரை. இரவு 8:00க்கு இங்கு ஏறியவர் 10:30க்கு தோஹாவில் இறங்குவார். "ரெண்டரை மணித்தியாலத்தில போயிட்டானா?" என்று கேட்ட அப்பாமார் உண்டு. திரும்பும்போது இரவு 8:00க்கு ஏறினால் இங்கே அடுத்த நாள் விடிய 3:00. மேலே மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும் காலத்தில், வரும் பயணம் போனதைவிட அரை மணித்தியாலம் அளவு குறையும்; அதனால்தான் 3:30 இல்லாமல் 3:00. எட்டோடு ஐந்தைக் கூட்டி ஒரு மணிக்கே வேன் கொண்டுபோய் வைத்துவிட்டு, மகன் வரவில்லை என்று எனக்குக் கோல் எடுப்பார்கள்.

போகும் விமானத்தைத் தவறவிட்டால் திரும்பி வரும் டிக்கெட்டும் பெரும்பாலும் ரத்தாகிவிடும். அதனால் அந்தத் தம்பிக்கு இரண்டு பக்கமும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. நல்லவேளை, விசா செல்லுபடியாக இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பகல் சோறோடு வெளிக்கிட்டார்கள். ஹபரணை தாண்டும்போது தாயின் கோல் வந்தது.

"இண்டைக்குத்தானே மனே?"