மிசரிகார்டு: இருக்கையல்ல, ஆள்தாங்கி

கோதிக் தேவாலயங்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றின் தமிழ்க் குரலில், மடங்கும் மர இருக்கைக்கு அடியில் நிற்பவர் முட்டுக் கொடுத்துக்கொள்ளும் விளிம்பான மிசரிகார்டைக் 'கருணை இருக்கை' என்று சொல்வதை மூன்றாவது முறையாகக் கேட்டதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டேன்.

மிசரிகார்டின் வேரான 'மிசெரிகோர்தியா'வுக்கு லத்தீனில் இரக்கம் என்று பொருள். மடங்களில் அது சலுகையையும் குறித்தது. நோயுற்ற துறவிகள் இறைச்சி உண்ண விடப்பட்ட அறைக்கும் இதே பெயர்தான். வேர் அவ்வளவே.

பொருளைப் பார்ப்போம். துறவிகள் ஒரு நாளில் பல வேளை கூடி நின்றபடி விவிலியத்தின் சங்கீதப் பாடல்களை ஓதுவார்கள். முதியவர்களுக்குக் கால் கடுக்கும். கீலில் மடங்கும் மர இருக்கையின் அடிப்புறத்தில் அதற்காகவே ஒரு சிறு விளிம்பை விட்டுச் செதுக்கினார்கள். இருக்கையைத் தூக்கி மடக்கினால் விளிம்பு மேலே வரும். பின்புறத்தை அதில் முட்டுக் கொடுத்துக்கொள்ளலாம். பார்ப்பவருக்கு நிற்பதாகவே தெரியும். உட்கார்ந்துவிட்டால் அதற்கு வேலையே கிடையாது. அதைப் போய் இருக்கை என்பதா?

'கருணை'யும் குழப்பம்தான். விவிலியம் அறிந்த தமிழருக்கு அது உடன்படிக்கைப் பெட்டி என்ற புனிதப் பேழையின் மேலுள்ள மூடியான கிருபாசனத்தையே நினைவூட்டும். அது பசும்பொன், கேருபீன்கள் என்னும் வானதூதர்கள் சிறகு விரிக்கும் இடம். இதுவோ மரம். இங்கிலாந்தின் லட்லோ நகரத் தேவாலயத்தில், இந்த விளிம்புக்குக் கீழே உள்ள 15ஆம் நூற்றாண்டுச் செதுக்கலில் அளவில் ஏமாற்றிய மதுக்கடைக்காரியைப் பேய் தோளில் போட்டுக்கொண்டு நரகத்துக்குப் போகிறது; கள்ளக் குவளை இன்னும் அவள் கையில். ஒரு பேய் அவள் பாவங்களைப் படிக்க, மற்றொன்று பைக்குழல் ஊதுகிறது. ரிப்பன் நகரத் தேவாலயத்தில் முயல் வளைக்குள் பாய்கிறது. எக்சிட்டர் நகரத் தேவாலயத்தில் 13ஆம் நூற்றாண்டு யானை நிற்கிறது. எல்லாம் ஓதுபவரின் பிட்டத்துக்குக் கீழே! மொழிபெயர்த்தவர் அகராதியைப் புரட்டினாரே தவிர, பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை. இப்போது வரும் கலைச்சொற்களில் பாதி இந்த ரகம்.

நம்மிடம் சுமைதாங்கி இருக்கிறது. தலைச்சுமையைச் சற்று இறக்கிவைக்கச் சாலையோரம் நட்ட கல். அதன் வழியில் 'ஆள்தாங்கி' என்பேன். இரக்கம் எங்கே என்று கேட்பார்கள். சுமைதாங்கிக் கல்லில் இல்லாத இரக்கமா? புணர்ச்சி விதிப்படி 'ஆட்டாங்கி' என்று எழுத வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: விட்டுவிடுங்கள், ஆடு கட்டும் கொட்டில் என்று நினைத்துவிடுவார்கள்.