அதே பாடத்தை இருபதாவது முறை நடத்தும்போது

நியூட்டனின் மூன்றாம் விதியை முதல் தடவை நடத்தப்போகும் ஆசிரியருக்கு முந்தின நாளெல்லாம் அதே யோசனைதான். எந்த உதாரணத்தில் தொடங்குவது, பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள்? இருபதாவது வருடம் அந்தக் கவலை இருக்காது, சொற்கள் தாமாக வந்து விழும். திரும்பத் திரும்பச் செய்யும் எதையும் மூளை கவனத்தின் பொறுப்பிலிருந்து எடுத்துப் பழக்கத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. வண்டி ஓட்டவும் தட்டச்சு செய்யவும் அது பெரிய வசதி. வகுப்பறையில் அதற்கு விலை உண்டு. பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்று தேடும் கண்ணும் சேர்ந்தே ஓய்ந்துபோகிறது.

இதற்கு மருந்தாகப் புதிய படக்காட்சி, புதிய செயலி, புதிய நகைச்சுவை என்று தேடுகிறோம். கொஞ்ச நாளில் அவையும் பழசாகிவிடும். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது: ஒன்றை நன்றாகத் தெரிந்துகொண்டவருக்கு, அது தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பது மறந்துபோகிறது.

1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக இதைச் சோதித்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் பாட்டைச் சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். ஆனால் 120 பாட்டுகளில் பிடிபட்டவை 3 மட்டுமே. தட்டுகிறவரின் மனசுக்குள் மெட்டு முழுதாக ஓடுகிறது. கேட்கிறவருக்குக் கிடைப்பது வெறும் டொக் டொக். அனுபவமுள்ள ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இதுதான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்துவந்த எரிக் மசூருக்கு இது உறைத்த விதம் சுவையானது. அவருடைய வகுப்பை மாணவர்கள் பாராட்டினார்கள், தேர்வில் கடினமான கணக்குகளையும் போட்டார்கள். அரிசோனாவில் இப்ராஹிம் ஹலூனும் டேவிட் ஹெஸ்டனஸும் செய்திருந்த ஆய்வு பின்னர் அவர் கண்ணில் பட்டது. இயற்பியல் படித்து முடித்த பிறகும் விசையைப் பற்றிய அன்றாட நம்பிக்கைகள் மாணவர்களை விட்டுப் போவதில்லை என்றது அது. என் மாணவர்கள் அப்படி இல்லை என்ற நம்பிக்கையோடு அவர் அதே வகைக் கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். நீங்கள் சொல்லித்தந்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவா என்று ஒரு மாணவி கேட்டார். முடிவுகளும் அந்தக் கேள்விக்கு ஒத்தே வந்தன.

அந்த வகைக் கேள்வி ஒன்று: கனமான லாரியும் சின்னக் காரும் மோதிக்கொள்கின்றன. எது எதன்மேல் அதிக விசை செலுத்துகிறது? ‘ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு’ என்று நம் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அதே பிள்ளைகளில் பலர் இங்கே லாரிக்குத்தான் விசை அதிகம் என்பார்கள். உண்மையில் இரண்டு விசையும் சமம். காரின் நிறை குறைவு என்பதால் அதே விசை அதன் வேகத்தை அதிகமாக மாற்றுகிறது. அடி காருக்குப் பலமாக விழுவது அதனால்தான்.

மசூர் 1990களின் தொடக்கத்தில் தன் வகுப்பையே மாற்றினார். சில நிமிடம் விளக்கம், பிறகு இப்படி ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைத் தெரிவிக்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லோரும் சரி என்றால் மேலே போகலாம். மிகச் சிலரே சரி என்றால் திரும்ப விளக்க வேண்டும். விடைகள் பிரிந்து நின்றால், பக்கத்தில் வேறு விடை சொன்னவரிடம் பேசி அவரைச் சம்மதிக்க வைக்கச் சொல்வார். சில நிமிடம் வகுப்பு சந்தையாகும். பிறகு மறுபடி விடை கேட்பார். பெரும்பாலும் சரியான விடையின் பக்கம் கூட்டம் கூடியிருக்கும். ஒரு விஷயத்தைச் சற்று முன்தான் புரிந்துகொண்ட மாணவருக்கு, தான் எங்கே இடறினோம் என்பது இன்னும் நினைவிருக்கிறது. அதனால் பேராசிரியரைவிட அவர் நன்றாக விளக்கிவிடுகிறார்.

கெட்டிக்காரரைப் பார்த்து மற்றவர்கள் விடையை மாற்றிக்கொள்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். 2009இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பில் இதைச் சோதித்தார்கள். பேசி முடித்த பிறகு, அதே கருத்தை வேறு உருவில் கேட்கும் இரண்டாவது கேள்வியைத் தனியாகச் செய்யச் சொன்னார்கள். அதிலும் விடைகள் மேம்பட்டிருந்தன. முதலில் யாருக்குமே விடை தெரியாத குழுக்களிலும் முன்னேற்றம் தெரிந்தது.

இந்த முறை மாணவருக்குச் செய்யும் நன்மை பற்றி நிறையப் பேசியாயிற்று. ஆசிரியருக்குச் செய்வது அதைவிடக் குறைந்ததல்ல என்பது என் எண்ணம். அந்தச் சில நிமிடம் அவர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து காதுகொடுக்கிறார். ஒரு பையன் ‘லாரிதானே கனம்’ என்கிறான். இன்னொருத்தி ‘லாரி வேகமாக வந்திருக்கும்’ என்கிறாள். மூன்றாமவர் ‘நசுங்கியது கார்தானே’ என்று விளைவிலிருந்து காரணத்துக்குப் போகிறார். மூன்று பேரும் தேர்ந்தெடுத்தது ஒரே தவறான விடைதான், ஆனால் சிக்கல் மூன்று விதம். நசுங்கியதைச் சொன்னவருக்கு விசையையும் அதன் விளைவையும் பிரித்துக் காட்ட வேண்டும். வேகத்தைச் சொன்னவரிடம், பழுதாகி நிற்கும் லாரியைக் கார் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று கேட்கலாம். மோதலில் சரியாகச் சொன்னவர்கள்கூட இங்கே ‘தள்ளுகிற கார்தான் அதிக விசை கொடுக்கிறது’ என்று சறுக்குவதுண்டு. அடுத்த ஐந்து நிமிடப் பாடம் அங்கேயே உருவாகிறது, எந்தப் பழைய குறிப்பேட்டிலும் அது இருக்காது. பழக்கத்திடம் போய்விட்ட வேலை மறுபடி கவனத்துக்குத் திரும்புகிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவுப்படி, இப்படி ஈடுபட்டுக் கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தும், சரளமான சொற்பொழிவைக் கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். மூளை சிரமப்படும்போது ‘எனக்குப் புரியவில்லை’ என்று தோன்றுவது இயல்பு. இதை அறியாத ஆசிரியர் முதல் மாத முணுமுணுப்பிலேயே பழைய வழிக்குத் திரும்பிவிடுவார். ஆகவே பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். விடையைக் காட்ட மின்னணுக் கருவி எதுவும் வேண்டியதில்லை, அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகள் போதும். வகுப்புக்கு ஒரு கேள்வி என்று தொடங்கி, காதில் விழுந்த தவறான காரணங்களை அன்றே குறித்துவைத்தால், அடுத்த வருடக் கேள்விக்கான தவறான விடைகளை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.