ஹீலா செல்களை ஓடவைக்கும் இரண்டு மரபணுக்கள்

1951-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹென்றியெட்டா லேக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து துளிச் சதையை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அதே வருடம் அக்டோபரில், 31 வயதில், அவர் இறந்துபோனார். அந்தச் செல்கள் மட்டும் இன்றும் ஏறக்குறைய நாளுக்கொருமுறை இரட்டிப்பாகின்றன. அவற்றுக்கு ஹீலா என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

ஏன் நிற்காமல் பெருகுகின்றன? 1980-களில் ஜெர்மனியில் ஹரால்டு சூர் ஹவுசனின் குழு விடையைக் கண்டது. அந்தச் செல்களின் டிஎன்ஏவுக்குள் ஹெச்பிவி-18 வைரஸின் (மனிதரைத் தாக்கும் பாப்பிலோமா வைரஸில் ஒரு வகை) டிஎன்ஏ செருகிக் கிடந்தது. 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஹெச்பிவி மிகச் சிறிய வைரஸ். தன்னை நகலெடுக்கும் கருவிகள் பெரும்பாலும் அதனிடம் இல்லை, செல்லிடம்தான் வாங்க வேண்டும். பிரியும் செல்லில்தான் அவை வேலையில் இருக்கும். அது பெருக வேண்டிய மேலடுக்குச் செல்களோ பிரிவதை நிறுத்திவிட்டவை. சரி, அவற்றை எப்படிக் கிளப்புவது? அதற்குத்தான் வைரஸின் இ7 மரபணு உருவாக்கும் இ7 என்ற புரதம். செல் பிரியாமல் பூட்டி வைத்திருக்கும் ஆர்பி புரதத்தை அது முடக்கிவிடுகிறது. இப்படி முறைதவறிப் பிரியும் செல்லை பி53 என்ற காவல் புரதம் தடுத்து நிறுத்தும், தேவைப்பட்டால் சாகவும் வைக்கும். அதற்கும் வைரஸிடம் ஆள் இருக்கிறது. இ6 மரபணுவின் புரதம் போய், பி53-ஐ செல்லின் சொந்தக் குப்பை அரவைக்கே தள்ளிவிடுகிறது.

பெரும்பாலோருக்கு இந்தத் தொற்று ஓரிரு வருடங்களில் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிய சிலரிடம் வைரஸின் டிஎன்ஏ உடைந்து நம்முடையதோடு ஒட்டிக்கொள்கிறது. பல நேரங்களில் உடைவது இ2 மரபணு. இ6, இ7 இரண்டையும் அடக்கி வைத்திருந்தது அதுதான். அடக்க ஆளில்லாமல் போனபின் செல் ஓயாமல் பிரிகிறது. அந்த ஓட்டத்தில் பிழைகள் சேர்ந்துசேர்ந்து, பல வருடங்கள் கழித்துப் புற்றாகிறது. வைரஸுக்கும் இதில் லாபமில்லை. அப்படி ஒட்டிக்கொண்ட துண்டிலிருந்து புது வைரஸ் உருவாக முடியாது.

அப்புறம் ஒரு சோதனை செய்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். மாடுகளைத் தாக்கும் பாப்பிலோமா வைரஸின் இ2 மரபணுவை ஹீலா செல்களுக்குள் செலுத்தினார்கள். இ6-உம் இ7-உம் அடங்கின. நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பெருகிக்கொண்டிருந்த செல்கள் சில நாட்களில் அகன்று, தட்டையாகி, மூப்படைந்த செல்களைப் போலப் பிரியாமல் நின்றுவிட்டன. பி53 மரபணு அவற்றுக்குள் அத்தனை காலமும் பழுதில்லாமல்தான் இருந்தது.